கலப்புக் கோழிக் கூட்டத்துக்கு எந்தச் சேவலை வைத்துக்கொள்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

குஞ்சு பொரித்தால் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். மூன்று மாதம் வரை அத்தனையும் ஒன்றாக மேயும், ஒன்றாக அடையும், ஒரு தொல்லையும் இராது. அதற்கப்புறம் கொண்டை சிவக்கும், கழுத்து இறகு மினுங்கும், ஒன்று மற்றொன்றை முறைக்கத் தொடங்கும். பெட்டைகள் கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போதுதான் இத்தனை சேவலையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது உறைக்கும். சரி, எதை வைத்துக்கொள்வது?

பெரும்பாலானோர் அழகாக இருப்பதை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதலில் குணம், அடுத்து உடம்பு, அதற்கடுத்து எந்தத் தாயின் பிள்ளை என்பது. இவை எல்லாவற்றிலும் இரண்டு சேவல்கள் சமமாக வந்தால் மட்டும் நிறத்தையும் வாலையும் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேவலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் குணம் முழுதாகத் தெரியாது. அதனோடு இருக்கும் பெட்டைகளைப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

முதல் படி: எத்தனை சேவல் வேண்டும்?

முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. பெட்டை சேவல் இல்லாமலும் முட்டை இடும். அது பொரியாது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டும், அல்லது வெளியே மேயும் கூட்டத்துக்கு ஒரு காவல் வேண்டும் என்றால் சேவல் வைக்கலாம்.

8 முதல் 12 பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. லெகார்ன் போன்ற இலேசான, துறுதுறுப்பான சேவலானால் பன்னிரண்டு வரை சமாளிக்கும். பிரம்மா, கொச்சின் போன்ற கனத்த இனமானால் எட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உங்களிடம் நான்கைந்து பெட்டைதான் இருக்கிறது என்றால் எவ்வளவு நல்ல சேவலும் அவற்றுக்குச் சுமைதான். இரண்டாவது சேவல் வேண்டுமானால் இருபதுக்கு மேல் பெட்டைகளும், ஒன்றின் கண்ணில் படாமல் மற்றது ஒதுங்க இடமும் வேண்டும்.

இரண்டாம் படி: நாள் கொடுங்கள்

சேவல் குஞ்சுகளின் கொண்டை ஆறு முதல் எட்டு வாரத்தில் சிவக்கத் தொடங்கும். மூன்று மாதத்தை ஒட்டி இடுப்பிலும் கழுத்திலும் கூர்நுனி இறகுகள் இறங்கும். பெட்டைக்கு அதே இடத்தில் நுனி உருண்டையாக இருக்கும். நான்கு ஐந்து மாதத்தில் பெரும்பாலானவை கூவிவிடும். ஐந்தாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரைதான் முரட்டுப் பருவம். அப்போது பெட்டையை வளைக்கத் தெரியாது, துரத்திப் பிடிக்கத்தான் தெரியும். இந்தப் பருவத்தில் தெரிவதை வைத்து மட்டும் ஒரு சேவலை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். ஒரு வயதை நெருங்கும்போது பல சேவல்கள் நிதானத்துக்கு வந்துவிடும்.

பல இனக் கோழிகள் சேர்ந்திருக்கும் கலப்புக் கூட்டத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இலேசான இனங்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும், கனத்த இனங்கள் தாமதமாக வரும். முதலில் பருவத்துக்கு வந்தது மற்றதையெல்லாம் அடக்கி வைத்துவிடும். அது தலைமைக்கு வந்தது தரத்தால் அல்ல, முந்திக்கொண்டதால். அடங்கிக் கிடக்கும் பிரம்மாச் சேவலைச் சோப்ளாங்கி என்று நினைத்துக் கழித்துவிடாதீர்கள்.

ஆகையால் ஒரே நாளில் முடிவெடுக்காமல் மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் உடற்குறை உள்ளவற்றை ஒதுக்குவது முதல் சுற்று. ஆறேழு மாதத்தில் குணம் பார்த்து இரண்டு மூன்றாகக் குறைப்பது இரண்டாவது. ஒரு வயதுக்கு முன்னும் பின்னுமாக இறுதி முடிவு. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிற வளையம் மாட்டி, ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெயர் வைத்து நினைவில் வைத்துக்கொள்வதைவிட எழுதி வைப்பது நம்பகமானது, ஏனென்றால் பிடித்த சேவலின் தப்பு மனத்தில் தங்காது.

மூன்றாம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

இரவில், அடைந்த பிறகு, சின்ன டார்ச் வெளிச்சத்தில் எடுத்தால் சேவல் திமிறாது. அலகிலிருந்து தொடங்குங்கள். மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல் போல விலகியிருந்தால் அந்தச் சேவல் இனவிருத்திக்கு வேண்டாம். கண் தெளிவாக, இரண்டு பாவையும் வட்டமாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு கண் சாம்பல் பூத்து, பாவை ஒழுங்கற்றுச் சிறுத்திருந்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். கண்ணில் நுரை, மூக்கில் நீர், மூச்சில் கரகரப்பு இருந்தால் மைக்கோபிளாஸ்மா போன்ற மூச்சுத் தொற்று இருக்கக்கூடும். அதிலிருந்து தேறிய பறவையும் கிருமியைச் சுமந்துகொண்டு மற்றவற்றுக்குக் கொடுக்கலாம் என்பதால் அப்படிப்பட்ட சேவலை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும்.

நெஞ்செலும்பை விரலால் தடவிப் பாருங்கள். நேராக ஓட வேண்டும். இரண்டு பக்கமும் சதை பிடித்திருக்க வேண்டும். எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் புழுவோ வேறு நோயோ தின்னுகிறது, அல்லது அது சாப்பிடவே மற்ற சேவல்கள் விடவில்லை. கோணல் எலும்பும் வளைந்த விரலும் பிறவியிலும் வரலாம், சிறு வயதில் வழுக்கும் தரையாலும் சத்துக் குறையாலும் வரலாம். காரணம் எதுவானாலும், தேர்ந்தெடுக்க வேறு சேவல் இருக்கும்போது அதை இனவிருத்திக்கு வைக்க வேண்டாம்.

காலை முன்னாலிருந்து பாருங்கள். முழங்கால்கள் உள்நோக்கி முட்டிக்கொள்ளாமல் அகலமாக நிற்க வேண்டும். பெட்டை மேல் ஏறி நிலைகொள்ள அந்த அகலம் தேவை. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு வெள்ளையாகப் படிந்திருந்தால் செதில் பூச்சி. அது குணமாகக்கூடியது, ஆனால் கூட்டம் முழுதுக்கும் பரவுமுன் வைத்தியம் செய்ய வேண்டும். ஆசனவாயைச் சுற்றிப் பேனும் அதன் முட்டைக் கொத்தும் இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பாருங்கள். கடைசியாகப் பின்னாலிருந்து வால். முதுகெலும்பிலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது வம்சத்தில் இறங்கும் குறை.

நான்காம் படி: மனிதரிடம் எப்படி?

இதில் சமரசமே வேண்டாம் என்பது என் எண்ணம். குழந்தையின் முகம், சேவல் எகிறி அடிக்கும் உயரத்தில் இருக்கிறது. கால் முள் குத்தினால் புண் சின்னதாகத் தெரியும், ஆழமாக இருக்கும், சீழ் பிடிக்கும்.

அடிக்கப்போகும் சேவல் முன்கூட்டியே காட்டிவிடும். உங்களைப் பார்த்து ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நடந்து வரும். நீங்கள் திரும்பி நடந்தால் பின்னால் ஓடி வரும். செருப்பைக் கொத்தும். கழுத்து இறகை விரித்து நிற்கும். குஞ்சிலிருந்தே மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிய சேவல் இப்படி மாறுவது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். மனிதரிடம் பயம் விட்டுப்போன சேவல் உங்களையும் ஒரு போட்டிச் சேவலாகவே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வரும்போது இரண்டடி விலகி, ஓடாமல், கண் வைத்துக்கொண்டு நிற்கும் சேவல்தான் வீட்டுக்கு ஏற்றது. கையில் வந்து தின்ன வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இளஞ்சேவல் ஒரு முறை எகிறினால் உடனே கழித்துவிட வேண்டாம். பின்வாங்காதீர்கள், உதைக்காதீர்கள், ஓடாதீர்கள். அது நிற்கும் இடத்தை நோக்கி அமைதியாக நடந்து அதை விலக வையுங்கள். சில வாரங்களில் பல சேவல்கள் அடங்கிவிடும். அப்புறமும் அடிக்கிறது என்றால் அந்தச் சேவல் வேண்டாம். முரட்டுத்தனத்தில் ஒரு பங்கு பிறப்போடு வருவது. அதன் பிள்ளைகளிலும் அது தலை காட்டும்.

ஐந்தாம் படி: பெட்டைகளைப் பாருங்கள்

ஒரு நாற்காலியைப் போட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். காலையில் திறந்துவிடும் நேரமும் மாலையில் அடையும் நேரமும் மிக முக்கியம்.

நல்ல சேவலுக்கு ஏதாவது தீனி கிடைத்தால் அதைத் தான் விழுங்காது. "டுக் டுக் டுக்" என்று மெல்லிய குரலில் கூப்பிட்டு, அதைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போடும். பெட்டைகள் ஓடிவந்து எடுத்துக்கொள்ளும். பெட்டைகளின் பதிலைக் கவனியுங்கள். கூப்பிட்டதும் ஓடி வருகின்றனவா, அல்லது வரத் தயங்குகின்றனவா? சில இளஞ்சேவல்கள் ஒன்றுமில்லாத இடத்தில் கூப்பிட்டு, வந்த பெட்டையைப் பிடித்துக்கொள்ளும். பெட்டைகள் சீக்கிரமே அதைப் புரிந்துகொண்டு அந்தக் குரலுக்கு வருவதை நிறுத்திவிடும். ஒரு சேவலின் அழைப்புக்குப் பெட்டைகள் ஓடி வருகின்றன என்றால் அதுதான் நற்சான்று.

அடுத்து, மிதிக்கும் விதம். பக்குவப்பட்ட சேவல் சிறகைத் தரையில் உரசிப் பெட்டையைச் சுற்றி ஒரு அரைவட்டம் போடும். பெட்டை விருப்பமிருந்தால் பதுங்கி உட்காரும், இல்லையென்றால் விலகிப் போகும், சேவலும் விட்டுவிடும். மோசமான சேவல் இறங்கும் பெட்டையைக் கூட்டு வாசலிலேயே காத்திருந்து பிடிக்கும். கொண்டையைக் கிழிக்கும். பெட்டைகள் கீழே இறங்க பயந்து அடைகட்டையிலேயே உட்கார்ந்திருந்தாலும், முட்டை இடும் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டாலும், பகலில் தீனிக்கே வராமல் இருந்தாலும், அந்தச் சேவலை உடனே பிரித்துவிடுங்கள்.

பெட்டைகளின் முதுகையும் பிடரியையும் பாருங்கள். ஒரு பெட்டைக்கு மட்டும் இறகு உதிர்ந்திருந்தால் அது சேவலுக்குப் பிடித்த பெட்டை, அல்லது எளிதில் பதுங்கும் பெட்டை. முதுகுக்குத் துணிக் கவசம் கட்டிக் காப்பாற்றலாம். எல்லாப் பெட்டைக்கும் முதுகு வெறுமையாக இருந்தால் சேவல்கள் அதிகம், அல்லது இந்தச் சேவல் சரியில்லை. இறகு உதிர்வதற்குப் பேனும் ஆண்டுதோறும் வரும் இறகு மாற்றமும் கூடக் காரணம் என்பதால், தோலில் கீறல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காவலையும் பாருங்கள். வானத்தில் வரும் ஆபத்துக்கும் தரையில் வரும் ஆபத்துக்கும் சேவல் வெவ்வேறு குரல் கொடுக்கும். பருந்து தெரிந்தால் ஒரு நீண்ட மெல்லிய கீச்சொலி. உடனே பெட்டைகள் புதருக்கடியில் பாயும். நாயோ நரியோ என்றால் விட்டுவிட்டுத் தொடர்ந்து கத்தும். பெட்டைகள் தலை நிமிர்த்தி நிற்கும். எல்லோரும் மேயும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தை நோக்கும் சேவல் அருமையான சேவல். ஒவ்வொரு காக்கைக்கும் கத்தினால் பெட்டைகள் அதன் குரலை மதிக்காமல் போய்விடும். அதையும் பெட்டைகளிடமிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் எல்லாச் சேவலும் ஒன்றாக இருக்கும்போது பார்த்தால் தலைவனைத்தான் பார்க்க முடியும். அடங்கிய சேவல் தீனி காட்டும்போது குரல் கொடுக்காமல் தலையசைவை மட்டும் செய்யும். குரல் கொடுத்தால் தலைமைச் சேவல் வந்து அடிக்கும் என்பதுதான் காரணம். விடியலில் கூவுவதிலும் இதே கதைதான். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் டகாஷி யோஷிமுராவின் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை தங்கள் வரிசைப்படி பின்னால் கூவும், தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் அடுத்தது முதலில் கூவத் தொடங்கும் என்று காட்டினார்கள். எனவே விடியலில் காது கொடுத்தாலே உங்கள் கூட்டத்தின் வரிசை தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான்: இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு மூன்று சேவல்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அதே பெட்டைகளோடு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். மற்றவை கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். முதல் சில நாள் ஆட்டம் போடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்புறம் தெரிவதுதான் அதன் குணம். அடங்கிக் கிடந்த சேவல் தனியாக விட்டதும் பொறுப்பான தலைவனாக நிற்பது அபூர்வமில்லை.

ஆறாம் படி: கலப்புக் கூட்டத்துக்கே உரிய கணக்குகள்

ஒரே இனமாக இருந்தால் எழாத கேள்விகள் இங்கே எழும். முதலாவது எடை. வளர்ந்த பிரம்மாச் சேவல் 5 கிலோவைத் தொடும். சில்கிப் பெட்டை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பெட்டையின் முதுகில் அந்தச் சேவல் ஏறினால் காலோ இடுப்போ போய்விடும். கூட்டத்தின் மிகச் சிறிய பெட்டையை மனத்தில் வைத்துச் சேவலைத் தேர்ந்தெடுங்கள். நடுத்தர உடம்புள்ள சேவல் பெரும்பாலும் எல்லோருக்கும் பொருந்தும். மிகச் சிறிய சேவல் பெரிய பெட்டையைக் காயப்படுத்தாது, ஆனால் எட்டாமல் போவதால் அந்த முட்டைகளில் பல கரு கூடாமல் போகலாம்.

போலிஷ் மாதிரி தலைக்கொத்து உள்ள பெட்டைகளுக்குச் சேவல் வருவதே கண்ணுக்குத் தெரியாது. முரட்டுச் சேவலிடம் அவைதான் முதலில் மாட்டும். கண்ணை மறைக்கும் இறகை வெட்டிவிடுங்கள், நிதானமான சேவலாகத் தேர்ந்தெடுங்கள்.

கொண்டை வகையையும் பாருங்கள். கடும் குளிர் விழும் இடத்தில் பெரிய ஒற்றைக் கொண்டையின் நுனி உறைந்து கருகும். தலையோடு ஒட்டித் தாழ்ந்திருக்கும் பட்டாணிக் கொண்டையோ ரோஜாக் கொண்டையோ தாங்கும். வெயில் கடுமையான இடத்தில் பெரிய கொண்டை உடல் வெப்பத்தை வெளியேற்ற உதவும். ரோஜாக் கொண்டை மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்த சேவலுக்குக் கருக்கூட்டும் திறன் குறைவாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குஞ்சு பொரிக்கப்போகிறீர்கள் என்றால் சில சேர்க்கைகளைத் தவிர்க்க வேண்டும். குட்டைக்கால் மரபணு உள்ள சேவலைக் குட்டைக்கால் பெட்டையோடு சேர்த்தால் கருவில் நான்கில் ஒரு பங்கு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அப்படிப்பட்ட சேவலுக்குச் சாதாரணக் கால் பெட்டைதான் சரி. இதற்கு நேர்மாறாக, நன்மை தரும் சேர்க்கைகளும் உண்டு. வரிகள் கொண்ட பிளைமவுத் ராக் பெட்டைகள் உங்களிடம் இருந்தால், ரோட் ஐலண்ட் ரெட் போன்ற வரியில்லாத சிவப்புச் சேவலை வைத்தால் குஞ்சு பொரித்த அன்றே சேவல் எது, பெட்டை எது என்று பிரித்துவிடலாம். சேவல் குஞ்சின் கருந்தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், பெட்டைக்கு இராது. அதே பெட்டைகளுக்கு வரிச் சேவலை வைத்தால் இந்தத் தெளிவு போய்விடும். நீல முட்டை இடும் குணம் ஓங்கு குணம், அதாவது தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். அந்த வம்சத்துச் சேவல் பழுப்பு முட்டைப் பெட்டைகளோடு சேர்ந்தால் பச்சைச் சாயல் முட்டையிடும் பெட்டைக் குஞ்சுகள் வரும்.

ஏழாம் படி: யாருடைய பிள்ளை?

ஒரு பெட்டை தன் குஞ்சுகளுக்கு மட்டும்தான் தாய். சேவல் அந்த ஆண்டுக் குஞ்சுகள் அத்தனைக்கும் தகப்பன். ஆகவே நிறைய முட்டை இட்ட, நோய் நொடி இல்லாத, அடைகாத்துக் குஞ்சுகளைக் கரையேற்றிய பெட்டையின் மகனாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முட்டை இடாத சேவலின் முட்டைத்திறனை அறிய அதன் தாயும் சகோதரிகளும்தான் வழி.

உடன்பிறந்த பெட்டைகளோடு அதே சேவலைத் தொடர்ந்து சேர்த்தால் சில தலைமுறையில் கரு கூடுவதும் பொரிப்பதும் குறையும், குஞ்சுகள் நோஞ்சானாகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உறவில்லாத சேவலைக் கொண்டுவருவது நல்லது. வெளியிலிருந்து வருவதை 30 நாள் தனியாக வைத்துக் கவனித்த பிறகே உள்ளே விடுங்கள்.

கருக்கூட்டும் திறனைச் சோதிக்க முட்டையை உடைத்து மஞ்சள் கருவின் மேலே பாருங்கள். சின்னதாக, ஒழுங்கற்ற வெள்ளைப் பொட்டு மட்டும் இருந்தால் கரு கூடவில்லை. வளையமிட்ட வட்டமாக, 4 மில்லிமீட்டர் அளவில் தெரிந்தால் கூடியிருக்கிறது. எல்லாப் பெட்டைகளின் முட்டையையும் பாருங்கள், அப்போதுதான் எந்தப் பெட்டையைச் சேவல் தொடவே இல்லை என்பது தெரியும்.

எட்டாம் படி: மாற்றமும் மிச்சமும்

சேவலை மாற்றியதும் வரும் முட்டைகள் புதிய சேவலுடையவை என்று எண்ணிவிடாதீர்கள். பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும். தகப்பன் யார் என்பது உங்களுக்கு முக்கியமானால் பழைய சேவலை எடுத்து நான்கு வாரம் கழித்து முட்டை சேருங்கள்.

தீவனத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டை இடாத பறவைக்கு அவ்வளவு தேவையில்லை. வளரும் சேவலுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்பருவத் தீவனத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் பெட்டைகள் தேவையானதைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

தேர்வாகாத சேவல்களைப் பெட்டைகளின் கண்ணில் படாத இடத்தில் ஒன்றாக வைத்தால், சேர்ந்து வளர்ந்தவை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். சண்டைக்குக் காரணம் பெட்டைகள்தான். ஒரு முறை பெட்டைகளோடு விட்டுத் திருப்பி எடுத்தால் மறுபடி அடித்துக்கொள்ளும், அதனால் இறுதிச் சுற்றுச் சோதனைக்குப் பிறகு தனித்தனியாக வைக்கவும் இடம் தயாராக இருக்கட்டும். வேறு ஒருவருக்குக் கொடுப்பதானால் அதன் குணத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். அடிக்கும் சேவலைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்க ஆளில்லை, வைக்க இடமில்லை என்றால், வலியில்லாமல் முடிப்பதை அறிந்தவரிடம் விடுவதே அந்தப் பறவைக்குச் செய்யும் நியாயம். எங்காவது அவிழ்த்துவிட்டு வருவது அதைப் பட்டினிக்கும் நாய்க்கும் கொடுப்பதுதான்.

இரண்டாம் இடம் பெற்ற சேவலை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். பருந்தோடு மோதுவது காவல் நிற்கும் சேவல்தான், ஆகவே முதலில் போவதும் அதுவே. குறைந்தது அடுத்த பொரிப்புக் காலம் முடியும் வரை அந்த இரண்டாவதும் உங்களிடம் இருக்கட்டும்.